கோப்பை வாங்கித் தந்தவரையே ஏன் அனுப்புகிறார்கள்? என்பிஏ தடுப்பாட்டமும் பயிற்சியாளர்களும்

2019-ல் டொராண்டோ ராப்டர்ஸ், 2020-ல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ், 2021-ல் மில்வாக்கி பக்ஸ், 2023-ல் டென்வர் நகெட்ஸ். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏ-வில் கோப்பையைத் தூக்கிய அணிகள் இவை. நான்குமே, கோப்பையை வென்று தந்த தலைமைப் பயிற்சியாளரை அடுத்த நான்கு ஆண்டுகளுக்குள் வேலையை விட்டு அனுப்பின. இடையில் 2022-ல் வென்ற கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் ஸ்டீவ் கெர் மட்டும்தான் இந்த வரிசையில் சேரவில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது புரியாத புதிர். சாம்பியனுக்கு என்ன குறை? முதலாளிகளின் அவசரம், நட்சத்திர வீரர்களின் செல்வாக்கு எல்லாம் உண்டு. ஆனால் அவற்றுக்குக் கீழே ஆட்டம் சார்ந்த காரணம் ஒன்று இருக்கிறது. வழக்கமான சீசனில் ஒரு அணியை மேலே கொண்டுபோகும் தடுப்பாட்ட முறையே, அதன் பிறகு கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃப் சுற்றுகளில் அதன் பலவீனமாக மாறிவிடலாம். அதை எத்தனை நாளில் ஒரு பயிற்சியாளர் கண்டுகொண்டு மாற்றுகிறார் என்பதில்தான் பல தொடர்கள் முடிவாகின்றன. இதைப் புரிந்துகொள்ள அடிப்படையிலிருந்து வருவோம்.

தடுப்பாட்டத்தை எப்படி அளக்கிறார்கள்?

என்பிஏ ஆட்டம் 48 நிமிடம். பந்து கைக்கு வந்ததும் 24 விநாடிக்குள் கூடையை நோக்கி வீசியாக வேண்டும். இதனால் ஒவ்வொரு அணிக்கும் ஓர் ஆட்டத்தில் ஏறக்குறைய 100 முறை பந்து வாய்ப்பு கிடைக்கிறது. எதிரணிக்கு அப்படி 100 வாய்ப்புகள் கிடைக்கும்போது எத்தனை புள்ளிகளை விட்டுக்கொடுக்கிறோம் என்பதுதான் தடுப்பாட்டத்தின் அளவுகோல். வெறும் ஸ்கோரைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். மெதுவாக ஆடும் அணி குறைவான புள்ளிகளை விட்டுக்கொடுப்பது இயல்பு. அது நல்ல தடுப்பாட்டம் என்று ஆகிவிடாது.

2024-25 சீசனில் லீக் சராசரி 114, 115 என்ற அளவில் இருந்தது. அந்த ஆண்டு கோப்பை வென்ற ஓக்லஹோமா சிட்டி தண்டர் ஏறக்குறைய 107 மட்டுமே கொடுத்தது. ஏழெட்டுப் புள்ளிதானே என்று தோன்றலாம். அந்த அணி 68 ஆட்டங்களை வென்றது. ஆட்டத்துக்குச் சராசரியாக 12.9 புள்ளி வித்தியாசத்தில் எதிரணிகளை முந்தியது. என்பிஏ வரலாற்றிலேயே அதுதான் அதிகம். அந்த வித்தியாசத்தில் பாதிக்கு மேல் தடுப்பாட்டத்திலிருந்து வந்ததுதான்.

ஒரு ஸ்கிரீன், மூன்று பதில்கள்

இன்றைய கூடைப்பந்தில் அதிகம் ஆடப்படும் உத்தி பிக் அண்ட் ரோல். பந்தைத் தட்டிக்கொண்டு வரும் கார்டு வீரரை (வேகமான, உயரம் குறைந்த ஆட்டக்காரர்) ஒருவர் மறிக்கிறார். மறிப்பவரின் பாதையில் தாக்கும் அணியின் உயரமான வீரர் வந்து அசையாமல் நின்றுகொள்கிறார். இதுதான் ஸ்கிரீன். மறிப்பவர் அந்த உடம்பில் முட்டி ஒரு விநாடி பின்தங்குவார். அந்த ஒரு விநாடியில் கூடைப் பக்கம் இரண்டு பேருக்கு எதிராக ஒருவர் என்ற நிலை வந்துவிடுகிறது. ஸ்கிரீன் போட்டவர் உடனே திரும்பிக் கூடையை நோக்கி ஓடுவார். இப்போது தடுக்கும் அணி என்ன செய்யும்?

1. டிராப். தடுக்கும் அணியின் சென்டர் (கூடையைக் காக்கும் உயரமான ஆள்) முன்னேறாமல் கூடைப் பக்கமே பின்வாங்கி நிற்பார். உள்ளே நுழைய முடியாது. எளிதான புள்ளிகள் அடைபடும். விலை: சென்டருக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவே பெரிய காலியிடம். ஓடும்போதே நின்று வீசத் தெரிந்த கார்டுக்கு அது கொண்டாட்டம்.

2. ஸ்விட்ச். மறிப்பவர்கள் இருவரும் ஆளை மாற்றிக்கொள்வார்கள். காலியிடமே உருவாகாது. விலை: மெதுவாக நகரும் சென்டர், வேகமான கார்டிடம் தனியாக மாட்டிக்கொள்வார். மறுபக்கம் குட்டையான கார்டு, உயரமான ஒருவரைச் சமாளிக்க வேண்டியிருக்கும்.

3. பிளிட்ஸ். இரண்டு பேரும் பந்து வைத்திருப்பவர் மேல் பாய்வார்கள். அவர் பந்தை விட்டே ஆகவேண்டும். விலை: மற்ற இடத்தில் நான்கு பேரை மூன்று பேர் காக்க வேண்டும். இரண்டு நல்ல பாஸ் போதும், கதை முடிந்தது.

மூன்றுக்கும் விலை உண்டு, கவனியுங்கள். இலவசமாக எதுவும் இல்லை. பயிற்சியாளரின் வேலை, இந்த எதிரணிக்கு எதிராக எந்த விலை மலிவு என்று பார்ப்பது.

இது தவிர ஸோன் தடுப்பாட்டமும் உண்டு. ஆளைக் காக்காமல் இடத்தைக் காப்பது. 2001 வரை என்பிஏ-வில் அதற்குத் தடை இருந்தது. 2001-02 சீசனில் அனுமதித்தபோது, யாரையும் காக்காமல் கூடைக்கு முன்னால் உள்ள பகுதியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதியையும் சேர்த்தார்கள். 2004-05 முதல், பந்து வைத்திருப்பவரைக் கையால் பிடித்துக் கட்டுப்படுத்துவதற்கு நடுவர்கள் கண்டிப்பாக விசில் ஊதத் தொடங்கினார்கள். கார்டுகளுக்குச் சுதந்திரம் கிடைத்தது. அப்புறம் மூன்று புள்ளி வீச்சு: கூடைக்குத் தள்ளி வரைந்த கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி. அந்தக் கோடு அறிமுகமான 1979-80-ல் ஓர் அணி ஆட்டத்துக்கு மூன்று முறைகூட முயலவில்லை. 2024-25-ல் அது 37-ஐத் தாண்டிவிட்டது. காக்க வேண்டிய பரப்பு அந்த அளவுக்கு விரிந்துவிட்டது.

82 ஆட்டம் வேறு, ஏழு ஆட்டம் வேறு

வழக்கமான சீசனில் ஒவ்வொரு அணியும் 82 ஆட்டம் ஆடுகிறது. இன்று ஒரு நகரம், நாளை மறுநாள் வேறு நகரம். சீசனுக்கு நடுவில் முறையாகப் பயிற்சி செய்யவே நேரம் கிடைக்காது. இந்தச் சூழலில் ஒரே முறையை எல்லோருக்கும் ஊறவைத்து, தினமும் அதையே பிழையில்லாமல் செய்வதுதான் புத்திசாலித்தனம். எதிரணிக்கும் நம்மைத் தனியாக ஆராய அவகாசமில்லை.

பிளே-ஆஃபில் ஒரே எதிரணியோடு ஏழு ஆட்டம் வரை ஆட வேண்டும்; முதலில் நான்கை வெல்பவருக்கே தொடர். கிரிக்கெட்டில் ஒரே அணியோடு ஐந்து டெஸ்ட் தொடர் ஆடும்போது மூன்றாவது டெஸ்ட்டுக்குள் ஒரு பேட்ஸ்மேனின் பலவீனம் உலகத்துக்கே தெரிந்துவிடும் அல்லவா, அதே நிலைமைதான். ஓர் ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே இரு தரப்பும் வீடியோவை விநாடி விநாடியாக ஓட்டிப் பார்க்கின்றன. ஐந்து பேரில் யார் மெதுவாக நகர்கிறாரோ அவரையே ஒவ்வொரு முறையும் ஸ்கிரீனுக்குள் இழுப்பார்கள்.

மில்வாக்கி: ஒரே பயிற்சியாளர், மூன்று முடிவுகள்

இதற்கு மைக் புடன்ஹோல்சரைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. 2018-ல் மில்வாக்கிக்கு வந்தவர், முழுக்க முழுக்க டிராப் முறையைக் கொண்டுவந்தார். 2.13 மீட்டர் உயரமுள்ள புரூக் லோபஸ் கூடைக்கு முன்னால் நிற்பார். பக்கத்திலிருந்து அணியின் நட்சத்திரம் யானிஸ் அன்டெட்டோகூம்போ பாய்ந்து வருவார். எதிரணி மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து வீசட்டும், உள்ளே மட்டும் விடக் கூடாது. கணக்கு சரியாக வேலை செய்தது. 2018-19-ல் 60 வெற்றி, 2019-20-ல் 56 வெற்றி 17 தோல்வி. இரண்டு ஆண்டும் லீகின் முதலிடம், தடுப்பாட்டத்திலும் முதலிடம்.

ஆனால் இரண்டு ஆண்டும் கோப்பை வரவில்லை. 2019 கிழக்குப் பிரிவு இறுதியில் டொராண்டோவை 2-0 என்று முந்தியிருந்த அணி, அடுத்த நான்கையும் தோற்றது. 2020-ல் மயாமியிடம் 4-1. அந்தத் தொடரின் நடுவில் யானிஸுக்குக் கணுக்காலில் அடிபட்டதையும் சொல்லியாக வேண்டும். என்றாலும் குற்றச்சாட்டு அதைப் பற்றியது அல்ல. எதிரணி மாறிக்கொண்டே இருக்கிறது, இவர் மட்டும் நவம்பரில் ஆடியதையே செப்டம்பரிலும் ஆடுகிறார் என்றார்கள். (கொரோனாவால் அந்த ஆண்டு பிளே-ஆஃப் தள்ளிப்போய், இந்தத் தொடர் செப்டம்பரில்தான் முடிந்தது.)

2020-21-ல் புடன்ஹோல்சர் சீசன் நடக்கும்போதே ஸ்விட்ச் முறையை ஒத்திகை பார்த்தார். ஜ்ரூ ஹாலிடே வந்தார். சீசன் நடுவில் பி.ஜே. டக்கரும் சேர்ந்தார். பலரைக் காக்கக்கூடிய இருவர். ஒத்திகையின் பலன் பிளே-ஆஃபில் தெரிந்தது.

கிழக்கு இறுதியின் முதல் ஆட்டம், எதிரணி அட்லாண்டா. மில்வாக்கி பழைய டிராப்புக்கே போனது. லோபஸ் பின்வாங்கப் பின்வாங்க, கார்டு ட்ரே யங் நடுவிலிருந்த காலியிடத்தில் நுழைந்து, பந்தை அவர் தலைக்கு மேல் மெல்லத் தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு முறை தன்முன்னே ஆளே இல்லாததால், வீசுவதற்கு முன் தோள்களைக் குலுக்கி ஆட்டம் காட்டிவிட்டுத்தான் மூன்று புள்ளி வீச்சையே எடுத்தார். 48 புள்ளி. அட்லாண்டா 116-113 என்று வென்றது. இரண்டாவது ஆட்டத்தில் மில்வாக்கி முறையை மாற்றியது. யங்குக்கு 15 புள்ளி. ஒன்பது முறை பந்தைப் பறிகொடுத்தார். மில்வாக்கி 125-91.

சரி, பாடம் படித்தாயிற்று, இனி ஸ்விட்ச்தான் என்று நினைத்தார்கள். இறுதிப் போட்டியில் ஃபீனிக்ஸ் சன்ஸ் எதிரணி. முதல் ஆட்டத்தில் மில்வாக்கி தாராளமாக ஸ்விட்ச் செய்தது. அனுபவசாலி கிறிஸ் பால் ஒவ்வொரு முறையும் மெதுவான பெரிய ஆளைத் தன் முன்னே வரவழைத்துத் தனியாக அடித்தார். மூன்றாவது கால்பகுதியில் மட்டும் 16, மொத்தம் 32 புள்ளி. இரண்டாவது ஆட்டத்தில் ஸ்விட்ச்சைக் குறைத்தார்கள். ஃபீனிக்ஸ் 20 மூன்று புள்ளி வீச்சுகளைப் போட்டு அதையும் வென்றது. 2-0.

இங்கேதான் புடன்ஹோல்சரை நான் பாராட்டுவேன். தோற்றது என்பதற்காக இரண்டாவது ஆட்டத்தின் திருத்தத்தை அவர் கைவிடவில்லை. லோபஸைப் பெரும்பாலும் பின்னால் நிறுத்தி, ஹாலிடேவை மைதானம் முழுக்க கிறிஸ் பால் மேல் ஒட்டவைத்தார். நான்காவது ஆட்டத்தில் பாலுக்கு 10 புள்ளிதான். ஐந்து முறை பந்தை இழந்தார். ஐந்தாவது ஆட்டத்தின் கடைசி விநாடிகளில், ஒரே புள்ளி முன்னிலையில் இருந்தபோது, ஃபீனிக்ஸின் டெவின் புக்கரின் கையிலிருந்து ஹாலிடே பந்தைப் பறித்து யானிஸுக்கு உயரே தூக்கிப் போட்டார். மில்வாக்கி தொடர்ந்து நான்கு ஆட்டங்களை வென்று 4-2 என்று கோப்பையைத் தூக்கியது. அட்லாண்டாவிடம் அடிவாங்கிய அதே டிராப், ஃபீனிக்ஸிடம் கோப்பை வாங்கித் தந்தது.

மூன்றாவது முடிவு 2023. மில்வாக்கி மறுபடி லீகின் முதலிடம், 58 வெற்றி. முதல் சுற்றில் எட்டாவது இடத்தில் தகுதி பெற்ற மயாமி. யானிஸ் முதுகுக் காயத்தால் இரண்டு ஆட்டங்கள் முழுதாக ஆடவில்லை. ஆனால் நான்காவது ஆட்டத்தில் அவர் இருந்தார். அதில்தான் மயாமியின் ஜிம்மி பட்லர் 56 புள்ளி எடுத்தார். அடுத்த ஆட்டத்தில் 42. பெரும்பாலும் ஹாலிடே ஒருவரே அவரைத் தனியாகக் காத்துக்கொண்டிருந்தார். பட்லரிடமிருந்து பந்தைப் பிடுங்க இரண்டாவது ஆளை அனுப்புங்கள் என்று பார்த்தவர்கள் எல்லாம் கத்தினார்கள். அது தொடர்ந்து நடக்கவில்லை. ஐந்தாவது ஆட்டத்தின் முடிவில் கையில் டைம்-அவுட் இருந்தும் கூப்பிடவில்லை. 4-1. சில நாட்களில் புடன்ஹோல்சரை நீக்கினார்கள்.

நர்ஸும் பெட்டியும்

2019-ல் டொராண்டோவின் நிக் நர்ஸ் முதன்முறையாக என்பிஏ தலைமைப் பயிற்சியாளர். அவருக்கு முன்னால் இருந்த டுவேன் கேசி 2018-ல் நீக்கப்பட்ட பிறகு அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதைப் பெற்றார். என்பிஏ-வில் இதெல்லாம் நடக்கும். மில்வாக்கியிடம் 2-0 என்று பின்தங்கியதும் நர்ஸ் தன் மிகச்சிறந்த தாக்கும் வீரரான கவாய் லெனர்டையே யானிஸைக் காக்கும் முதன்மை ஆளாக ஆக்கினார். மூன்றாவது ஆட்டத்தில் யானிஸ் 16 முயற்சியில் ஐந்து மட்டுமே போட்டு 12 புள்ளியோடு நின்றார்.

கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிரான இறுதிப் போட்டியில் இன்னும் துணிச்சல். பாக்ஸ் அண்ட் ஒன் என்ற முறை பள்ளி அணிகளின் சமாச்சாரம்: நான்கு பேர் சதுரமாக நின்று இடத்தைக் காப்பார்கள், ஐந்தாவது ஆள் ஒரே ஒருவரை நிழல்போல் தொடர்வார். இரண்டாவது ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் பிரெட் வான்விளீட்டை எதிரணியின் நட்சத்திரம் ஸ்டெஃபன் கறி மேல் ஏவி இதை ஆடினார்கள். ஐந்து நிமிடத்துக்கும் மேல் கோல்டன் ஸ்டேட்டுக்கு ஒரு புள்ளிகூட வரவில்லை. அந்த ஆட்டத்தை டொராண்டோ 109-104 என்று தோற்றது. தொடரை 4-2 என்று வென்றது.

விசித்திரமாக இருப்பதால் அது பலித்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கோல்டன் ஸ்டேட்டின் கெவின் டுராண்ட் காயத்தில் இருந்தார். கிளே தாம்சன் அந்த ஆட்டத்தின் நடுவில் காயத்தோடு வெளியேறிவிட்டார். களத்தில் தூரத்திலிருந்து பயமுறுத்தக்கூடிய பெரிய ஆள் கறி மட்டும்தான். தாம்சன் நின்றிருந்தால் அந்தச் சதுரத்தை இரண்டு நிமிடத்தில் கிழித்திருப்பார்.

மாற்றம் பலிக்க என்னென்ன வேண்டும்?

1. ஒன்றுக்கு மேற்பட்ட வேலை செய்யும் ஆட்கள். 2015 இறுதிப் போட்டியில் கிளீவ்லாண்டிடம் 2-1 என்று பின்தங்கியிருந்த ஸ்டீவ் கெர், நான்காவது ஆட்டத்தில் சென்டர் ஆண்ட்ரூ போகட்டை உட்காரவைத்து ஆண்ட்ரே இகுடாலாவைத் தொடக்க ஐவரில் இறக்கினார். அந்த சீசன் முழுவதும் ஒரு முறைகூட அவர் தொடக்க ஐவரில் இருந்ததில்லை. யோசனை தந்தவர் நிக் யூரென் என்ற இளம் உதவியாளர். முந்தைய ஆண்டின் இறுதிப் போட்டி வீடியோவில் சான் அன்டோனியோ இதே போல் செய்ததைப் பார்த்திருக்கிறார். ஆட்டம் 0-7 என்று தொடங்கியும் கெர் பதறவில்லை. முடிவு 103-82. இகுடாலா இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் ஆனார். ஆனால் உயரமான எதிரிகளைச் சமாளிக்க டிரேமாண்ட் கிரீன் இருந்ததால்தான் போகட் இல்லாமல் ஆட முடிந்தது.

2. முன்கூட்டியே செய்த ஒத்திகை. ஓக்லஹோமாவின் மார்க் டெய்னால்ட் சீசன் முழுவதும் ஆட்களை மாற்றி மாற்றிப் பார்ப்பவர். 2025-ல் டென்வருக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், 2.11 மீட்டர் உயரமுள்ள நிகோலா யோகிச்சைக் காக்க 1.96 மீட்டர் கார்டு அலெக்ஸ் கருசோவை அனுப்பினார். முன்னால் நின்று பாஸே வராமல் தடுப்பது கருசோவின் வேலை; பின்னால் உதவிக்கு உயரமானவர்கள். 125-93. இறுதிப் போட்டியில் இந்தியானாவுக்கு எதிராக முதலில் சென்டர் ஐசயா ஹார்டன்ஸ்டைனைத் தொடக்க ஐவரிலிருந்து எடுத்தார். 2-1 என்று பின்தங்கியதும் அவரைத் திரும்பக் கொண்டுவந்தார். தன் மாற்றத்தையே திருப்பிப் போட அவர் தயங்கவில்லை. தொடர் 4-3.

3. அதிர்ஷ்டத்தையும் குறையையும் பிரித்துப் பார்ப்பது. எதிரணி ஒரு நாள் 20 மூன்று புள்ளி வீச்சுகளைப் போட்டுவிட்டால் நம் முறை தவறு என்று ஆகாது. ஆளே இல்லாமல் வீசினார்களா, கை மறைத்தும் போட்டார்களா என்பதுதான் கேள்வி. ஃபீனிக்ஸின் இரண்டாவது ஆட்டத்துக்குப் பிறகு புடன்ஹோல்சர் இதைச் சரியாகப் படித்தார்.

அப்படியானால் நர்ஸ் ஏன் போனார்?

மாறத் தெரிந்தவர் தப்பிப்பார் என்றால் நர்ஸ் இன்னும் டொராண்டோவில் இருந்திருக்க வேண்டும். நால்வரின் கதையையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் சரிவரும்.

1. நர்ஸ். கோப்பை வென்ற அடுத்த மாதமே லெனர்ட் வேறு அணிக்குப் போய்விட்டார். 2022-23-ல் அணி 41 வெற்றி, 41 தோல்வி. பிளே-ஆஃபுக்கு முந்தைய தகுதி ஆட்டத்தில் சிகாகோவிடம் தோற்றது. அன்று கிடைத்த 36 ஃப்ரீ த்ரோவில் (யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று வீசுவது) 18-ஐக் கோட்டைவிட்டார்கள். எந்தத் தடுப்பாட்டத் திட்டமும் அதைச் சரிசெய்யாது.

2. ஃபிராங்க் வோகல், லேக்கர்ஸ். 2020 இறுதியின் ஆறாவது ஆட்டத்தில் டுவைட் ஹோவர்டுக்குப் பதில் கருசோவைத் தொடக்க ஐவரில் இறக்கிக் கோப்பையை முடித்தவர் இவர். அதே கருசோதான். 2021 கோடையில் நிர்வாகம் கருசோவைப் போகவிட்டது. கென்டாவியஸ் கால்டுவெல்-போப்பையும் இன்னும் சிலரையும் கொடுத்து ரஸல் வெஸ்ட்புரூக்கை வாங்கியது. காக்கத் தெரிந்தவர்கள் போனார்கள், தடுப்பாட்டம் சரிந்தது, 33 வெற்றி, 49 தோல்வி. வேலை போனது வோகலுக்கு. இது அநியாயம் என்பது என் கருத்து.

3. புடன்ஹோல்சர். மேலே சொன்னதுதான். நால்வரில் ஆட்டக் காரணம் நேரடியாகப் பொருந்துவது இவருக்கு மட்டுமே.

4. மைக்கேல் மலோன், டென்வர். 2025 ஏப்ரலில் 47 வெற்றி, 32 தோல்வி என்ற நிலையில், சீசன் முடிய மூன்றே ஆட்டங்கள் இருக்கும்போது நீக்கப்பட்டார். பொது மேலாளர் கால்வின் பூத்தும் அன்றே போனார். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பது ஊரறிந்த விஷயம். அணியின் தடுப்பாட்டமும் பின்வரிசையில் கிடந்தது. பொறுப்பேற்ற டேவிட் அடெல்மன் ஸோன் தடுப்பாட்டத்தைத் தாராளமாகப் பயன்படுத்தி, அந்த ஆண்டின் சாம்பியன் ஓக்லஹோமாவையே ஏழாவது ஆட்டம் வரை இழுத்தார். அதன் பிறகு நிரந்தரப் பதவியும் அவருக்கே கிடைத்தது.

மறுபக்கம் மயாமியின் எரிக் ஸ்போல்ஸ்ட்ரா. 2023-ல் மில்வாக்கியை வீட்டுக்கு அனுப்பியவர். அந்த சீசனில் லீகிலேயே அதிகமாக ஸோன் ஆடிய அணி அவருடையது. எட்டாவது இடத்திலிருந்து இறுதிப் போட்டி வரை போனது. அவர் வென்ற கோப்பைகள் 2012, 2013-ல் வந்தவை. அப்புறம் ஒன்றும் இல்லை. ஆனாலும் 2008 முதல் அதே நாற்காலியில் இருக்கிறார். அவருக்கு மேலே அணித் தலைவராக இருப்பவர் பாட் ரைலி. அவரும் பயிற்சியாளராகப் பல கோப்பைகளை வென்றவர். ஒரு தோல்வியில் திட்டம் பிழைத்ததா, ஆள் போதவில்லையா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த மேலதிகாரி என்பிஏ-வில் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.